கூடத்துக்கு வாடகை யார் தருவது?

‘வீட்டிலிருந்தே வேலை’ என்று சொன்னால் சங்கரன்கோவில் தறிக்காரர் வீட்டில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். பிறகு வேறு எங்கே இருந்து பார்ப்பதாம் என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். காற்றும் வெளிச்சமும் வருகிற முன்கூடம் தறிக்குப் போய்விடும். மிச்ச இடத்தில்தான் அடுப்பு, பாய், பிள்ளைகளின் பாடப் புத்தகம். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பேச்சே ஒரு படி உரக்க இருக்கும்; தறி நின்ற பிறகும் அந்தக் குரல் சட்டென்று இறங்குவதில்லை. பாவு எந்த நேரத்துக்கு வந்து சேருகிறதோ அதுதான் அந்த வீட்டின் நேரம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 2020 மார்ச் மாதக் கடைசியில் பொது முடக்கத்தை ஒட்டி ஒரு புதுக் கூட்டம் லேப்டாப்போடு வந்திறங்கியது. பொங்கலுக்கும் ஆடித்தபசுக்கும் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இரண்டு நாள் தலைகாட்டிவிட்டுப் போகிற பிள்ளைகள், மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தார்கள். மாடி அறையில் ஒரு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, இன்டர்நெட் இணைப்பு, கதவில் ‘மீட்டிங்’ என்று ஓர் எச்சரிக்கை. ஊர் இதைப் புதுசாகப் பார்த்தது. கீழே தறி, மேலே லேப்டாப். இரண்டும் ஒரே விஷயம்தான் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஐந்தாறு வருடங்களாக நடக்கிறது. பெரும்பாலும் அது நிறுவனத்தின் கணக்கில் நடக்கும் விவாதம்: வேலை கூடுகிறதா குறைகிறதா, ஆள் நிற்கிறாரா ஓடுகிறாரா. தறியும் பீடியும் இருக்கிற ஊரிலிருந்து பார்த்தால் கேள்வி வேறு மாதிரி விழுகிறது. வேலை நடக்கும் கூடத்துக்கு வாடகை யார் தருவது? நேரத்தை யார் எண்ணுவது? சரியில்லை என்று கழித்துப் போட்டதற்குக் கூலி உண்டா, கிடையாதா? இந்த மூன்றும் இங்கே பழைய வழக்குகள். ஒன்றிரண்டு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தவையும்கூட.

முதலில் செலவு. கூலித்தறி என்பதில் நூலும் பாவும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. தறியும் இடமும் தறிக்காரருடையவை. துணியாகக் கொடுத்த பிறகு கூலி. தறி தேய்வதும், ஓடு ஒழுகி நூல் நனைவதும், மின்சாரம் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்திருப்பதும் வீட்டுக்காரர் கணக்கு. இதில் மின்சாரம் ஒன்றில் மட்டும் அரசு தலையிட்டு ஏதோ செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு விசைத்தறிக்கு 750 யூனிட் இலவசமாக இருந்ததை 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்த்தினார்கள். கைத்தறிக்கு 200-லிருந்து 300. வீட்டில் ஓடினாலும் தறி ஒரு தொழில்தான் என்று அரசே ஒப்புக்கொண்டு கொடுக்கிற சலுகை அது. மாடியில் ஓடும் லேப்டாப்புக்கும் ராத்திரி ஷிப்டுக்காக வாங்கிப் போட்ட ஏ.சி.க்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. அது வீட்டு மின்சாரம். வீடுகளுக்கான 100 யூனிட் இலவசச் சலுகை தாண்டினால் அப்பா கட்டுவார். பல வீடுகளில் நிறுவனத்தின் மின்கட்டணத்தில் ஒரு பங்கை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அது மிகையில்லை.

பீடியைப் பார்த்தால் இந்தச் செலவுக் கணக்கு இன்னும் தெளிவாகும். சங்கரன்கோவில் வட்டாரத்தில் தொடங்கி கடையநல்லூர், ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் வரை பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளில் இதுதான் பெரியது. கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுப்பார்கள். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடக்கி, 25 பீடிக்கு ஒரு கட்டு. சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். மெலிந்தது, தலை சரியில்லாதது, தூள் கொட்டுவது எல்லாம் தனியே போகும். அது கழிவு. அதற்குக் கூலி இல்லை. இலை மட்டமாக இருந்து ஆயிரத்துக்குப் போதவில்லை என்றால், குறையும் இலையைச் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுக் கணக்கை நேர் செய்ய வேண்டியதுதான். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அடுப்பையும் பார்த்து, பிள்ளைக்கும் சோறு ஊட்டி, டி.வி.யில் சீரியலும் கேட்டுக்கொண்டே விரல் ஓடும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் பதில் வராது. எத்தனை பீடி என்று கேட்டால் உடனே வரும்.

இந்த வேலைக்குச் சட்டம் வந்த கதை, லேப்டாப்காரர்கள் படிக்க வேண்டிய கதை.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-ல் வந்தது. அதற்கு முன் ஆலைகளுக்குத்தான் சட்டம். ஆலைக்குச் சட்டம் வந்தால் முதலாளி ஆலையை மூடிவிட்டு இலையை வீடுகளுக்கு அனுப்பிவிடுவார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1966 சட்டம், வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று சேர்த்து எழுதியது. பீடி முதலாளிகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள்; மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் 1974-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அடுத்த சண்டை வருங்கால வைப்பு நிதிக்கு. ‘எங்கள் மேற்பார்வையில் வேலை செய்யாதவர், எப்போது உட்காருகிறார் எப்போது எழுகிறார் என்று எங்களுக்கே தெரியாதவர், எங்கள் ஊழியர் ஆவது எப்படி’ என்பது முதலாளிகளின் வாதம். பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொண்டுவந்த பீடியைப் பார்த்து இது வேண்டாம் என்று தள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, கட்டுப்பாடும் அவரிடம்தான் இருக்கிறது என்று சொன்னது. அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பதில்லை. கழிவு தள்ளும் கை இருந்தால் போதும், அவர் முதலாளி, சுற்றியவர் ஊழியர்.

என் கணக்கில், வீட்டு வேலை பற்றி இந்தியாவில் எழுதப்பட்டதிலேயே கூர்மையான யோசனை இதுதான். பீடி சுற்றும் பெண்களின் வழக்கில் வந்ததால் ஐ.டி. கம்பெனிகளின் மனிதவளக் கூட்டங்களில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

உலக அளவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதே வழியில் பதினோரு வருடம் கழித்து வந்தது. வீட்டு வேலைக்கான அதன் 177-வது உடன்படிக்கை 1996-ல் நிறைவேறியது. பொருள் செய்தாலும் சரி, சேவை செய்தாலும் சரி, முதலாளி சொன்னபடி தன் வீட்டில் செய்து கூலி வாங்குபவருக்கு மற்றத் தொழிலாளருக்குச் சமமான நடத்தை வேண்டும் என்பது அதன் சாரம். அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா சங்கம் இதற்காகப் பல வருடம் பாடுபட்டது. ஆனாலும் இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. அதே அமைப்பின் 2021 அறிக்கை, கொரோனாவுக்கு முன்பே உலகில் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ததாக மதிப்பிட்டது. அவர்களில் லேப்டாப் வைத்திருந்தவர்கள் சிறுபான்மைதான்.

சம்பளக்காரர்களின் பக்கம் சட்டம் மெதுவாகவே அசைந்தது. மகப்பேறு உதவிச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம், 26 வார விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருவரும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. உரிமை என்று சொல்லவில்லை. பேசி முடிவு செய்யலாம் என்றுதான். கால் சென்டர்களின் நிலை வேடிக்கையானது. ஊழியர் வீட்டிலிருந்து அழைப்பை எடுக்கலாம், ஆனால் அதற்கு நிறுவனம் 1 கோடி ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை விதி வைத்திருந்தது. அனுமதி மாதிரி இருக்கும் தடை. 2020 மார்ச்சில் அவசரமாகத் தளர்த்தி, அந்த ஆண்டு நவம்பர் 5-ல் அடியோடு மாற்றினார்கள். வருடக்கணக்கில் முடியாது என்ற ஒன்று சில மாதங்களில் முடிந்தது.

நிறுவனங்களும் அன்றைக்குப் பெரிதாகப் பேசின. 2025-க்குள் ஊழியர்களில் கால்பங்குப் பேர் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் டி.சி.எஸ். சொன்னது. அதை நம்பி ஊரில் வீட்டுக்கு மாடி எடுத்தவர்கள் உண்டு. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்து சாமானை லாரியில் ஏற்றியவர்கள் உண்டு. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வா என்று சொல்லிவிட்டது. இன்போசிஸ் மாதத்தில் பத்து நாள் என்றது. காரணமாகச் சொல்லப்பட்டவை பண்பாடு, குழு உணர்வு, கற்றல். அதில் உண்மை இல்லாமலில்லை. கல்லூரி முடித்த கையோடு வேலையில் சேர்ந்த பையன், அடுத்த மேசை அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை மாடி அறையில் தனியாகக் கற்க முடியாது. ஆனால் வீட்டை மாற்றிய செலவும் திரும்பக் கட்டிய அட்வான்ஸும் யார் கணக்கில் போயின என்பதை எந்த அறிவிப்பும் பேசவில்லை.

இனி ஆய்வுகள். அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் 2010-11-ல் நடத்தி 2015-ல் வெளியிட்ட சோதனை. வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. இந்த எண்ணைச் சொல்பவர்கள் அதன் உள்பிரிவைச் சொல்வதில்லை: 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அதிக நிமிடம் உட்கார்ந்ததால் வந்தது, 4 சதவீதம்தான் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்பு எடுத்ததால். சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது பாதிப் பேருக்கு மேல் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. இன்னொன்றும் உண்டு. சோதனையில் சேரவே ஒரு நிபந்தனை இருந்தது: வேலை நேரத்தில் வேறு யாரும் நுழையாத தனி அறை. ஷாங்காயின் 13 சதவீதத்தை சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவருவதற்கு முன் அந்த அறையைக் கொண்டுவர வேண்டும்.

நமக்கு நெருக்கமான சோதனை சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் உட்கார வைத்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. வீடே வேண்டும் என்று விரும்பியவர்கள்தான் அடிப்படையில் வேகமானவர்கள், பிழை குறைவானவர்கள். வீட்டில் வைத்தபோது அதிகம் சரிந்ததும் அவர்கள்தான். வீட்டில் கூடுதல் பொறுப்பு இருப்பவர்தான் வீட்டைக் கேட்கிறார். அதே பொறுப்புதான் வேலையை இழுக்கிறது. ஆசியாவின் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் செய்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: கொரோனா காலத்தில் வேலை நேரம் கூடியது, மணிக்கான விளைச்சல் 8 முதல் 19 சதவீதம் குறைந்தது, குழந்தை இருக்கும் வீடுகளில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. மீட்டிங்குக்குப் போகும் நேரமும் கூடியது.

வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்ற கலவை ஏற்பாட்டுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அதே சிட்ரிப் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்து 2024-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத்தரம் மாறவில்லை. ஆனால் அலுவலகம் அறுநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருந்தால் இரண்டு நாள் வீடு என்பது வெறும் வார இறுதி. அது பெருநகரத்துக்குள் குடியிருப்பவருக்கான தீர்வு.

பெண்கள் விஷயத்தில் எனக்கு ஒரு பக்கமாகச் சாயத் தயக்கம் இருக்கிறது. லிசா ஹோ, சுஹானி ஜலோட்டா, அனாஹிதா கரந்திகர் மேற்கு வங்கத்தில் செய்த ஆய்வில், அலுவலக வேலையை ஏற்க முன்வந்த பெண்கள் 15 சதவீதம். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம் என்றதும் 48 சதவீதம். அப்படித் தொடங்கியவர்கள் பின்னாளில் வெளி வேலையையும் ஏற்கும் வாய்ப்பு கூடியது என்றும் கண்டார்கள். வீட்டு வேலை வெளியே போக ஒரு வாசல் என்பது அவர்கள் முடிவு. வாதம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் பீடி இங்கே பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறைகளைக் கடந்திருக்கிறது. அந்த வாசல் வழியே வெளியே போனவர்கள் குறைவு. மகள்களைக் கல்லூரிக்கு அனுப்பியது பீடிக் காசு, அதை மறுப்பதற்கில்லை. சுற்றிய பெண் மட்டும் அதே திண்ணையில்தான் இருக்கிறாள். வங்க வேலைக்கும் பீடிக்கும் என்ன வித்தியாசம்? என் ஊகம்: வங்கத்தில் வேலைக்கு ஒரு படிக்கட்டு இருந்தது, அடுத்த வேலை கண்ணில் பட்டது. ஆயிரம் பீடிக்கு அடுத்து இரண்டாயிரம் பீடி தவிர வேறு படி இல்லை. லேப்டாப் வேலையில் உள்ள பெண்ணுக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் வீட்டில் இருந்தாலும் வருமா என்பதைப் பொறுத்துத்தான் இது வாசலா சுவரா என்பது முடிவாகும். ஷாங்காய் சோதனையிலேயே, அதே அளவு வேலை செய்தும் வீட்டில் இருந்தவருக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது.

நேரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஆடித்தபசுக்குத் தென்காசி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் அந்த நாளில் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. பெங்களூருக் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலில் தபசு கிடையாது. தெருவில் கொட்டுமேளம் போக, மாடியில் ஜன்னலை அடைத்து, மைக்கை அணைத்து அணைத்துத் திறந்து பேசிக்கொண்டிருப்பான் பையன். ஊரோடு இருக்கத்தானே வந்தாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வான்? தறிக்காரருக்கு அன்றைக்குக் கூலி இல்லைதான். ஆனால் தறியை நிறுத்த அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வீடும் வேண்டாம், பெருநகரமும் வேண்டாம் என்ற மூன்றாவது வழி இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-லேயே அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து இந்தப் பக்கமே குடிவந்தார். அங்கே வேலைக்குப் போகிறவர் வீட்டில் மேசை போட வேண்டாம். சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். அரசும் சிறு நகரங்களில் மினி டைடல் பூங்காக்கள் கட்டுகிறது: 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், ஆண்டுக் கடைசியில் தூத்துக்குடி. மாவட்டத் தலைநகரில் நின்றுவிடாமல் வட்டத் தலைநகர் வரை இது இறங்கினால்தான் சங்கரன்கோவிலுக்குப் பயன். மாடி அறைகளில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நல்ல இணைப்பும் ஜெனரேட்டரும் உள்ள நாலு அறை இருந்தால், நிறுவனம் அதற்கு வாடகை கட்டினால், பாதிச் சிக்கல் தீரும். ஊர் அளவில் நான் ஆதரிப்பது இதைத்தான். ஒரே ஒரு பெரிய நிறுவனத்தை நம்பி ஒரு வட்டாரமே நிற்பதில் இருக்கும் ஆபத்தைப் பஞ்சாலை மூடிய ஊர்களைக் கேட்டால் சொல்லும். அதனால் அந்த நாலு அறையில் பத்து நிறுவனத்தின் ஆட்கள் உட்காருவது நல்லது.

சட்டத்தின் பக்கம் அண்மையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 1966 பீடிச் சட்டம் அவற்றில் கரைந்துவிட்டது. தனிச் சட்டமாக இனி இல்லை. பீடித் தொழிலாளர் நலனுக்காக 1976-ன் சட்டப்படி பிடித்துவந்த தனி வரி, ஜி.எஸ்.டி. வந்த 2017-லேயே போய்விட்டது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ‘வீடுசார் தொழிலாளி’ என்று ஒருவரை வரையறுக்கிறது. கருவி யாருடையது என்பது பொருட்டில்லை, பொருளோ சேவையோ, தன் இடத்தில் செய்து கூலி பெறுபவர். ஆனால் அவரை அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் வைக்கிறது, அதாவது பி.எஃப். கட்டும் முதலாளி என்று ஒருவரைக் கைகாட்டாமல், அரசின் நலத்திட்டங்களிடம் ஒப்படைக்கிறது. 1985 தீர்ப்பு முதலாளியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது. புதுச் சட்டத்தில் அந்தத் தேடலுக்கு வேகம் இல்லை.

இது நாளைக்கு யாருக்கு உறைக்கும் என்றால், மாதச் சம்பள ஐ.டி. ஊழியருக்கு அல்ல. செயற்கை நுண்ணறிவுக்குப் படம் குறிக்கும் வேலை இப்போது சிறு ஊர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. சாலைப் படத்தில் வண்டியைச் சுற்றிக் கட்டம் போடு, எக்ஸ்ரேயில் நிழலை அடையாளம் காட்டு, பதிவு செய்த தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கு. தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் இதற்குச் சிற்றூர்களில் அலுவலகம் போட்டு ஆள் வைக்கின்றன. ஆனால் இணையத் தளங்கள் வழியே வீட்டிலிருந்தபடி படத்துக்கு இத்தனை காசு என்று செய்பவர்களும் உண்டு. அங்கே கணக்கு பீடிக் கணக்கேதான்: எண்ணிக்கைக்குக் கூலி, கழிவுக்கு இல்லை, கருவியும் மின்சாரமும் உன்னுடையவை. ஒரு வித்தியாசம் உண்டு. பீடிக் கடையில் கட்டைப் பிரித்துக் கழித்தால், கழித்த பீடி கண் முன்னால் கிடக்கும். இதில் என்ன குறை என்று எடுத்துக் காட்டிக் கேட்கலாம், சத்தம் போடலாம், நாலு பெண்கள் சேர்ந்தால் கணக்குப்பிள்ளை கொஞ்சம் இறங்கியும் வருவார். திரையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வருகிறது. ஏன் என்று வருவதில்லை, யாரால் என்றும் வருவதில்லை. கழிவு தள்ளும் கை யாருடையதோ அவரே முதலாளி என்ற 1985-ன் தீர்ப்பை இதற்குப் பொருத்திப் பார்க்க யாராவது ஒரு வழக்குப் போட வேண்டும். எதிர்மனுதாரர் முகவரி என்ற இடத்தில் எதை எழுதுவது என்பதிலேயே அந்த வழக்கு முதலில் மாட்டிக்கொள்ளும்.